பாலிஷ் டப்பாவைக் கடைசியில் வாங்கு

அன்புள்ள மருமகனுக்கு,

தாத்தா ஓட்டிய புல்லட்டை நீ எடுத்துக்கொண்டாய் என்று உன் அம்மா போனில் சொன்னபோது மனசு நிறைந்துவிட்டது. திருச்சுழி வீட்டுத் தாழ்வாரத்தில் சாக்குப் படுதாவுக்கு அடியில் வருஷக்கணக்காக நின்ற வண்டி அது. எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டது, இனி அதன் அலுமினிய மூடிகளை முகம் பார்க்கிற அளவுக்கு மின்ன வைக்க வேண்டும், அதற்கு எந்த பாலிஷ் நல்லது என்று கேட்டு எழுதியிருக்கிறாய். ஒரு பெயரைச் சொல்லி ஒரே வரியில் பதில் எழுதிவிடலாம். அதை நம்பி நீ தேய்க்க ஆரம்பித்தால், நாலு நாள் கை வலிக்கத் தேய்த்துவிட்டு, மங்கல் அப்படியே இருக்கிறது என்று விட்டுவிடுவாய். பளபளப்பு டப்பாவுக்குள் இல்லை. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம்.

உலோகம் ஏன் மங்கலாகத் தெரிகிறது? மேற்பரப்பில் கீறல்கள் இருந்தால் விழுகிற ஒளி பல பக்கமும் சிதறிப் போகும். வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது. கீறல்களின் ஆழம் ஒளியின் அலைநீளத்தைவிட நன்றாகக் குறைந்துவிட்டால் ஒளி சிதறாமல் ஒழுங்காகத் திரும்பும், அப்போதுதான் முகம் தெரியும். கண்ணுக்குத் தெரிகிற ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொள். அதில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே கீறலை இறக்க வேண்டும். கையால் முடியுமா என்றால், தாராளமாக முடியும். உலோகத்தின் மேல் நாம் எதையும் பூசப் போவதில்லை. பெரிய கீறலை எடுத்துவிட்டுச் சிறிய கீறலை வைக்கிறோம், பிறகு அதையும் எடுத்துவிட்டு இன்னும் சிறியதை வைக்கிறோம். வேலை மொத்தமும் இவ்வளவுதான்.

அலுமினியம் இதற்குத் தகுதியான உலோகம். ஜவ்வாது மலையில் காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்துக்கு நீ ஒருமுறை போய்வர வேண்டும். அங்கே 1986-இல் இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. நட்சத்திர ஒளியைத் திருப்பி அனுப்புவது அதன் கண்ணாடி வட்டு என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அந்த வட்டின் மேல் படிய வைத்திருக்கும் மெல்லிய அலுமினியப் படலம்தான் அந்த வேலையைச் செய்கிறது. மேலே விழுகிற ஒளியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை அலுமினியம் திருப்பிவிடும். வெள்ளி இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பும், ஆனால் காற்றுப் பட்டுக் கறுத்துப் போகும். அலுமினியம் காற்றுப் பட்டவுடன் தன்மேல் ஒரு ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்கிறது. அந்தத் தோல் சில நானோமீட்டர்தான், நிறமில்லாதது, ஒளியை மறைக்காது. உள்ளே இருக்கும் உலோகத்தை அதுவே காக்கிறது. உன் வண்டி மூடியில் இன்று நீ பார்க்கிற சாம்பல் நிறம் அந்தத் தோல் அல்ல. உப்பும் ஈரமும் அரித்த பள்ளம், பழைய எண்ணெய்க் கசடு, சாக்கு உரசிய கோடு, எல்லாம் சேர்ந்தது.

முதலில் எது அலுமினியம் என்று தெரிந்துகொள். ஒரு காந்தம் போதும். மட்கார்டு, சைலன்ஸர், ஹேண்டில்பார் ஆகியவற்றில் காந்தம் ஒட்டும். அவை குரோமியம் முலாம் பூசிய எஃகு. அவற்றின் மேல் உப்புத்தாள் படவே கூடாது. முலாம் மிக மெல்லியது, போனால் திரும்ப வராது. 1955-இல் சென்னை திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கிய நாள் முதல் பல பத்தாண்டுகள் வந்த பழைய புல்லட்டில் சிலிண்டர் வார்ப்பிரும்பு, அதையும் விட்டுவிடு. இடது பக்கத்து பிரைமரி மூடி, வலது பக்கத்து டைமிங் கவர், கியர்பாக்ஸ் மூடி ஆகியவை அலுமினிய வார்ப்பு. உன் வேலை அவற்றில்தான்.

அடுத்து, மூடியின் மேல் வார்னிஷ் இருக்கிறதா என்று பார். சில வண்டிகளில் தெரியாத அளவுக்கு மெல்லிய பூச்சு கொடுத்திருப்பார்கள். சோதிக்க எளிய வழி: மெக்கானிக்கிடம் துளி பாலிஷ் இரவல் வாங்கி, துணியில் தொட்டு, ஓரமாக ஒரு காசு அகலத்துக்குத் தேய். துணி கறுத்தால் அது வெறும் உலோகம். எவ்வளவு தேய்த்தும் கறுக்கவில்லை என்றால் மேலே பூச்சு இருக்கிறது. பெயிண்ட் ரிமூவர் தடவி அதை எடுத்துவிடு. ரப்பர் கையுறையோடு, காற்றோட்டமான இடத்தில் செய். காஸ்டிக் சோடாவில் ஊறப்போட்டால் ஒரே நிமிஷத்தில் சுத்தமாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதே. காரம் அலுமினியத்தையே தின்னும், தின்னும்போது எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு கிளம்பும், கையில் பட்டால் தோல் வெந்துவிடும்.

கழற்றுவதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. உன் ஊர் மெக்கானிக் உனக்கு என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார். பிரைமரி மூடியை நடுவில் இருக்கும் ஒற்றை நட்டுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. இடது ஃபுட்ரெஸ்டை எடுத்துவிட்டு, கீழே ஒரு தட்டு வைத்துக்கொண்டு கழற்று, உள்ளே எண்ணெய் இருக்கும். டைமிங் கவரை மட்டும் நீயாகக் கழற்றாதே. அதற்குள் எஞ்சினுக்கு எண்ணெய் போகும் துளைகள் ஓடுகின்றன. ஒரு தூசி உள்ளே அடைத்தால் பளபளப்பான மூடிக்குப் பின்னால் எஞ்சின் பிடித்துக்கொண்டு நிற்கும். அதை மெக்கானிக் கழற்றித் தரட்டும், அல்லது வண்டியிலேயே வைத்து, சுற்றிலும் டேப் ஒட்டிக்கொண்டு தேய்.

தொடக்கூடாத இடங்கள் சில உண்டு. பேக்கிங் உட்காரும் விளிம்பில் தாள் பட்டால் எண்ணெய் கசியும். எஞ்சின் நம்பர் பொறித்த இடத்தில் ஓர் எழுத்து மங்கினாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பிரேக் டிரம்மின் உட்புறத்தில் பாலிஷின் பசை பட்டால் பிரேக் பிடிக்காது. சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் விசிறிப் பட்டைகளையும் மின்ன வைக்க ஆசைப்படாதே. மின்னுகிற உலோகம் வெப்பத்தைக் கதிராக வெளியே விடுவதில் கஞ்சம். நம் ஊர் வெயிலில் அந்த எஞ்சினுக்கு எல்லா வழியும் வேண்டும்.

இனி உப்புத்தாள். இதைத்தான் நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும்.

கடையில் வாட்டர் பேப்பர் என்று கேள். கறுப்பாக இருக்கும், தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பது. பின்பக்கம் நம்பர் அச்சிட்டிருப்பார்கள். நம்பர் கூடக் கூட மணல் நைசாகும். 220-ஆம் நம்பர் தாளில் மணியின் அளவு சுமார் 68 மைக்ரான், 400-இல் 35, 1000-இல் 18, 2000-இல் 10. ஆழமான வெட்டு இருந்தால் மட்டும் 220 அல்லது 320-இல் தொடங்கு. கல் அடித்துத் தூக்கிய விளிம்பு இருந்தால் அதற்கும் முன்னால் நைஸ் அரத்தால் மெதுவாக இறக்கிக்கொள். அரத்தின் பல்லில் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டால் அலுமினியத் துணுக்கு சிக்கி புதுக் கோடு போடாது. சாதாரணமாக மங்கிய மூடிக்கு 400-இல் தொடங்கினால் போதும். பிறகு 600, 800, 1000, 1500, 2000. நடுவில் ஒன்றைக்கூடத் தாண்டாதே.

ஏன் தாண்டக்கூடாது? உழுத புஞ்சையில் சால் மறைய வேண்டும் என்றால் மேட்டை இறக்கிப் பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும், வேறு வழியில்லை. கீறலும் அப்படித்தான். கீறலை யாரும் நிரப்ப முடியாது. அதைச் சுற்றியுள்ள உலோகம் முழுவதையும் கீறலின் அடி வரைக்கும் தேய்த்து இறக்க வேண்டும். 400 போட்ட கோட்டை 600 சீக்கிரம் இறக்கிவிடும். அதே கோட்டை 1500-ஐ வைத்து இறக்கப் பார்த்தால் ஒரு நாள் முழுக்கத் தேய்த்தாலும் மேட்டின் முனை மழுங்கும், பள்ளம் உள்ளேயே இருக்கும். தேய்க்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. கடைசியில் பாலிஷ் போட்டு, மூடி மின்னத் தொடங்கிய பிறகு வெயிலில் சாய்த்துப் பார், 400-இன் கோடுகள் அத்தனையும் வரிசையாக வந்து நிற்கும். பாலிஷ் சரியில்லை என்று பலர் டப்பாவை மாற்றுவது இந்தக் கட்டத்தில்தான். டப்பா என்ன செய்யும்?

இதைத் தடுக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாற்று. 400-ஐ மேலும் கீழுமாகத் தேய்த்தால் 600-ஐ இடமும் வலமுமாகத் தேய். 600-இன் கோடுகள் மட்டும் தெரிந்து, குறுக்கே ஓடிய 400-இன் கோடு ஒன்றுகூட இல்லை என்றால்தான் 800-க்குப் போகலாம். ஒரே ஒரு கோடு இருந்தாலும் போகாதே. மூடியைத் துடைத்துக் காயவைத்துப் பார், ஈரத்தில் எல்லாக் கோடும் மறைந்துதான் தெரியும். டியூப் லைட்டின் கீழ் சாய்த்துப் பிடித்து, கண்ணைப் பரப்போடு தாழ்த்திப் பார். சந்தேகமான இடத்தில் மார்க்கரால் வட்டம் போட்டுக்கொள்.

சமமான இடத்தில் தாளை ஒரு ரப்பர் கட்டையில் சுற்றித் தேய். வெறும் விரலை வைத்து அழுத்தினால் விரலின் அகலத்துக்குப் பள்ளம் விழும். அது தேய்க்கும்போது தெரியாது, மின்னத் தொடங்கியதும் பிம்பம் அலையலையாக நெளியும். வளைவுகளில் மட்டும் கட்டையை விட்டுவிட்டு, தாளை உள்ளங்கை முழுவதும் படும்படி வைத்துக்கொள். மூடியில் எழுத்துப் பொறிப்பு இருந்தால் சுற்றிலும் சின்னத் துண்டுத் தாளால் பொறுமையாகப் போ, எழுத்தின் முனையை மழுக்கிவிடாதே. மதுரையில் பஃபிங் சக்கரத்தில் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் மின்னிவிடும், எனக்கும் தெரியும். வேகமாகச் சுற்றும் சக்கரம் விளிம்பையும் எழுத்தையும் கரைத்துவிடும். பழைய வண்டியின் அழகு அந்த விளிம்பின் கூர்மையில் இருக்கிறது. முதல் மூடியையாவது கையால் செய்.

வார்ப்பின் மேல்தோல்தான் கெட்டியானது. அவசியத்துக்கு மேல் தேய்த்து உள்ளே இறங்கினால் வார்க்கும்போது மாட்டிக்கொண்ட காற்றுத் துளைகள் ஊசிக்குத்தாக வெளியே தெரியும். அதற்கு மருந்து கிடையாது. ஆகவே பள்ளம் மிக ஆழமாக இருந்தால், அதை முழுக்க எடுக்காமல் விட்டுவிடுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம். தாத்தா வண்டியில் அவர் காலத்து வடு ஒன்று இருந்தால் இருக்கட்டும்.

தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு விட்டுக்கொள். தேய்த்த துகள் தாளில் அடைத்துக்கொள்ளாமல் மிதந்து போகும். சோப்பு உன் வண்டிக்குப் புதிது இல்லை. ராயல் என்ஃபீல்டின் பூர்வீகம் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர். அந்த நிறுவனத்துக்கு மூலமான ஜார்ஜ் டவுன்சென்ட் 1851-இல் தொடங்கியது தையல் ஊசி செய்யும் தொழில். ஊசிகளைக் குழைவான சோப்போடும் தேய்பொடியோடும் துணியில் சுற்றிக் கட்டி, நீராலை இயக்கும் கட்டைகளுக்கு அடியில் நாள்கணக்கில் உருட்டித்தான் அந்த ஊரில் மின்ன வைத்தார்கள். உன் வண்டியின் வம்சமே சோப்பும் பொடியும் தேய்ப்புமாக வந்ததுதான்.

நனைத்துத் தேய்ப்பதில் இன்னொரு காரணமும் இருக்கிறது. காய்ந்த அலுமினியத் தூள் காற்றில் பரவினால் தீப்பிடிக்கக் கூடியது, நெஞ்சுக்கும் ஆகாது. ஈரத்தில் அது சேறாகக் கீழே இறங்கிவிடும். நம்பர் மாற்றும்போதெல்லாம் மூடியையும், கையையும், கட்டையையும் கழுவு, தண்ணீரை மாற்று. 400-இன் ஒரு மணி 1500-இன் வாளியில் கிடந்தால் அன்றைய வேலை பாழ்.

ஆடி மாசம் நம் ஊரில் அடிக்கிற மேல்காற்றில் இதைத் திண்ணையில் வைத்துச் செய்யாதே. காற்று கொண்டுவருகிற தூசியில் மணல் இருக்கிறது. மணல் என்பது குவார்ட்ஸ், மோஸ் கடின அளவுகோலில் அது 7. அலுமினியம் 3-க்கும் கீழே. உள் அறையில், தரையை நனைத்துத் துடைத்துவிட்டு உட்கார்.

2000 முடிந்ததும் மூடி ஒரே சீரான, சாம்பல் கலந்த மினுமினுப்போடு இருக்கும். டியூப் லைட் கலங்கலாகத் தெரியும். இப்போது போய் பாலிஷ் வாங்கு. பிராசோ ஆனாலும் ஆட்டோசால் ஆனாலும் சரி, முன்வேலை சரியாக இருந்தால் இரண்டுமே வேலை செய்யும். ஆட்டோசால் பசை வடிவில் வருவதால் செங்குத்தான இடத்தில் வழியாது, அது எனக்குப் பிடிக்கும். கொஞ்சமாக எடுத்து, உள்ளங்கை அளவு இடத்தில் அழுத்தித் தேய். துணி உடனே கறுக்கும். அழுக்கு இன்னும் போகவில்லையோ என்று பயப்படாதே, அந்தக் கறுப்பு மூடியிலிருந்து வருகிற அலுமினியத்தின் நுண்துகள். கறுப்பு வருகிறது என்றால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். பசை முழுதும் காய்வதற்கு முன் வேறு சுத்தமான துணியால் துடைத்தெடு, மறுபடி போடு. இரண்டாம் முறை அழுத்தத்தைக் குறை, மூன்றாம் முறை இன்னும் குறை. கடைசியில் துணியின் எடை மட்டும் பட்டால் போதும்.

துணி விஷயத்தில் நீ அதிர்ஷ்டக்காரன். உங்கள் பக்கத்து அருப்புக்கோட்டை நெசவு ஊர். ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய் துடைக்கிற காட்டன் வேஸ்டை இதற்குப் பயன்படுத்தாதே. அதில் பருத்திக்கொட்டைத் தோலும் இரும்புத் துணுக்கும் சிக்கியிருக்கும். பல வருஷம் துவைத்து நைந்த வெள்ளை வேட்டி இருக்கிறதே, அதுதான் உயர்ந்தது. கரையை, அதிலும் ஜரிகைக் கரையாக இருந்தால் கட்டாயம், வெட்டி எறிந்துவிடு. சட்டைத் துணியானால் பித்தானை எடு. பெட்ரோலோ மண்ணெண்ணெயோ தொட்ட துணியைத் தனியாக, அடுப்பங்கரைப் பக்கம் போகாமல் வை.

ஆரன்முளைக் கண்ணாடியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். கேரளத்தில் பம்பைக் கரையில் செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்துச் செய்கிற உலோகக் கண்ணாடி. அதைச் செய்யும் குடும்பங்களின் முன்னோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கோயில் வேலைக்காகப் போனவர்கள் என்பது அங்கே வழங்கிவரும் செய்தி. அவர்களும் சுட்ட மண்ணின் நைஸ் பொடியை எண்ணெயில் குழைத்து, முரட்டுச் சாக்கில் தொடங்கி, பருத்தித் துணி, பிறகு வெல்வெட் என்று படிப்படியாகப் போகிறார்கள். முரட்டிலிருந்து மெதுவுக்கு இறங்கும் அந்த வரிசையை நீயும் கடைப்பிடி. ஆனால் ஒன்றை எதிர்பார்த்துக்கொள். எஞ்சின் மூடிகளை வார்க்கிற அலுமினியத்தில் சிலிக்கானும் கலந்திருக்கும், அதனால் பிம்பத்தில் லேசான நீலச்சாம்பல் சாயல் தங்கும். அது உன் குறை இல்லை.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, மூடியின் மேல் ஒரு ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்து. பிம்பத்தில் எத்தனை சென்டிமீட்டர் வரைக்கும் எண்களைப் படிக்க முடிகிறது என்று பார். இரண்டு மூன்றோடு கலங்கினால் 1500-க்குத் திரும்பிப் போ. கடைசி எண் வரைக்கும் தெளிவாகத் தெரிந்தால் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டு.

வைத்துக் காப்பாற்றுவது தனி வேலை. 1898-இல் சென்னைக் கலைத் தொழில் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்தார். பிறகு நம் சமையலறைகளிலெல்லாம் அந்தப் பாத்திரங்கள் வந்தன. உங்கள் வீட்டு போர் தண்ணீரைக் காய்ச்சுகிற அலுமினியச் சட்டியின் உட்புறம் கறுத்திருக்கும், போய்ப் பார். தண்ணீரில் உள்ள உப்பும் காரமும் செய்த வேலை அது. சூடான மூடியின் மேல் அதே தண்ணீரை ஊற்றிக் கழுவினால் இங்கேயும் அதுதான் நடக்கும், ஒவ்வொரு சொட்டும் வெள்ளை வளையமாகக் காயும். வண்டி ஆறிய பிறகு கழுவு, கடைசி அலசலுக்குப் பிடித்துவைத்த மழைத் தண்ணீரை எடு, உடனே துடை. பாத்திரம் விளக்குகிற சாம்பல், சோடா, சுண்ணாம்பு மூன்றும் கிட்டவே வரக்கூடாது. பித்தளைச் செம்புக்குப் புளி சரி, இதற்கு வேண்டாம்.

ஐப்பசியில் மழை இறங்கியதும் நரிக்குடிப் பக்கம் வண்டியை எடுத்துப் போவாய். கரிசல் சேறு அப்பிக்கொண்டு வரும். கரிசல் மண்ணில் சுண்ணாம்பும் காரமும் உண்டு. ராத்திரி முழுக்க மூடியில் ஒட்டிக் கிடந்தால் காலையில் அந்த இடம் மங்கியிருக்கும். வந்த அன்றே நனைத்துக் கழுவு. காய்ந்த தூசியை ஒருபோதும் வெறும் துணியால் துடைக்காதே, அது மணலை வைத்துத் தேய்ப்பதற்குச் சமம். கார்னாபா மெழுகு கிடைத்தால் மெல்லிசாக ஒரு பூச்சு கொடு. எஞ்சின் சூட்டில் அது சீக்கிரம் போய்விடும், மாசம் ஒருமுறை பாலிஷைத் தொட்டுத் துடைத்துவிட்டு மறுபடி பூசு. மேலே கிளியர் லேக்கர் அடித்துவிட்டால் வேலை மிச்சம் என்று ஆசை காட்டுவார்கள். இவ்வளவு வழவழப்பான பரப்பில் லேக்கர் ஒழுங்காகப் பிடிக்காது. விளிம்பில் உரிந்து, உள்ளே ஈரம் புகுந்து, புழு ஊர்ந்த தடமாக வெள்ளை படரும். அதை எடுக்க மறுபடி 400-இல் இருந்து வர வேண்டும்.

திரும்ப மாட்டும்போது மூடியின் உட்புறத்தை மண்ணெண்ணெயால் இரண்டு முறை கழுவு. மூலையில் ஒரு மணி உப்புத்தாள் மணல்கூட இருக்கக்கூடாது. ரப்பர் சீல் வெடித்திருந்தால் புதிது போடு. மெக்கானிக் சொல்லும் அளவுக்கு எண்ணெய் ஊற்றி, நட்டை அளவோடு இறுக்கு, அலுமினியம் மிகையான இறுக்கத்தைத் தாங்காது. எஞ்சினை ஓடவிட்டு, கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, சொட்டு விழுகிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுது. டைமிங் கவருக்கு அப்புறம் வரலாம்.

அன்புடன்,
மாமா